நூற்று நாற்பத்து மூன்று அட்டைகள்

உச்சிக்கல் கொட்டாயை
பள்ளிக்கூட முற்றத்தில் கோலப்பொடியால் போட்டோம்.
செங்கல் தூள் ரோடு.
அடுப்புக்கரி, வற்றிப்போன ஏரி.
வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை.
தண்ணீர் வரும் குழாய்க்கு வெள்ளைக் கூழாங்கல்,
காற்று மட்டும் வரும் குழாய்க்குக் கறுப்பு.
கறுப்புக்குக் கல் போதாமல்
பையன்களைக் குவாரிப் பக்கம் விரட்டினோம்.
பல்லைக் கெடுக்கிற போர்களுக்கு
மஞ்சள் தூள். அரைப் பொட்டலம் தீர்ந்தது.

பென்னாகரத்திலிருந்து வந்த சார்
"நான் பேச மாட்டேன், நீங்களே பேசுங்க" என்று
அரைமணி நேரம் பேசினார்.
பிறகு நிஜமாகவே பேசவில்லை.
அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

வீட்டுக்கு ஒரு அட்டை. குவியல் நான்கு:
வசதி, நடுத்தரம், ஏழை, மிகவும் ஏழை.
எந்த வீடு எதில் என்று
ஊரே சொல்லவேண்டும்,
பேர் சொல்லி, அந்த ஆள் முகத்துக்கு நேராக.

டிவி இருந்தால்?
"கவர்மென்ட் குடுத்தது கணக்கில்ல."
பெங்களூரில் சென்ட்ரிங் வேலைக்குப் போன மகன் இருந்தால்?
"அவன் காசு அனுப்பறானா, போன்ல பேசறதோட சரியா?"
மாங்காய்த் தோப்பு குத்தகைக்கு எடுத்திருந்தால்?
"காய்ச்சுதா?"
வேடியப்பன் எழுந்தார்,
போட்ட கடலை போன மழையோடு போச்சு,
தன்னை ஏழையில் வை என்றார்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
தீர்த்தம்மாள்தான்
பின்வரிசையில் இருந்து, குழந்தைக்குப் பால் கொடுத்தபடி:
"உம் மவளைக் கொஞ்சம் சிரிக்கச் சொல்லு."

சிரித்தது பிள்ளை.
கேன் தண்ணீர் குடித்த பல்,
உரித்த பூண்டு மாதிரி.
அதற்குப் பிறகு யாரும் ஆட்டை எண்ணவில்லை,
ஓட்டை எண்ணவில்லை.
பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து
சிரிக்கச் சொன்னோம்.
பழுப்புக் கோடு, சுண்ணாம்புத் திட்டு, அரித்த விளிம்பு.
ஒரு பையன் வாயைத் திறக்கவே இல்லை.
அவன் வீட்டு அட்டையைக் கேட்காமலே
கடைசிக் குவியலில் வைத்தார்கள்.

என்னுடையது எண்பத்தெட்டு.
ஏழையில் இருந்தது, சரியாகத்தான்.
டீ வந்த நேரம்
அதை எடுத்து மிகவும் ஏழைக்குள் செருகினேன்.
அந்தக் குவியலுக்கு ஆட்டுக்கடன் வரும் என்று பேச்சு.
நான் சங்கத்துக் கணக்கெழுதுகிறவள்,
அட்டை என் கைக்குப் பழகியது.

பெட்டம்மாளுக்கு எழுத்து தெரியாது.
"முப்பத்தெட்டு இருந்துச்சு,
இப்ப முப்பத்தொம்பது.
டீ குடிச்சிட்டுக் குட்டி போட்டுச்சா?"

யாராவது சிரித்திருந்தால் பரவாயில்லை.

எடுத்துத் திரும்ப வைத்தேன்.
நோட்டில் எழுதினேன்:
தீர்மானம் நான்கு. அட்டைகள் மறுபடி எண்ணப்பட்டன.
படிக்கச் சொன்னாள். படித்தேன்.
"எதுக்கு எண்ணுனம்னு அதுல இல்லயே?"
பேனா இரண்டு முறை மக்கர் செய்தது.
மூன்றாம் முறை என் பெயரை எழுதினேன்,
எழுதியது கணக்காளர் என்று
கீழே மறுபடியும் என் பெயர்.

தீர்மானம் ஐந்து:
ஆட்டுக்கடன் பிறகு. முதலில்
மஞ்சள் தூள் இருக்கும் பக்கமெல்லாம்
மழைத்தண்ணீர்த் தொட்டி.
வேடியப்பன் மணல் லோடு ஒன்று தருவதாக,
கோபம் தணியாமலே, சொன்னார்.
அதையும் எழுதினேன், கோபத்தைத் தவிர.
சார் போட்டோ எடுத்து முடிப்பதற்குள்
ஒரு வெள்ளாடு
ஏரியைத் தாண்டிவந்து
மேற்குத் தெருவில் ஆறு வீடுகளைத் தின்றுவிட்டது.

கால் கழுவிவிட்டு உள்ளே போனேன்.
காய்ச்சலில் படுத்திருந்த மகள் கேட்டாள்:
"நாம எந்தக் குவியல்மா?"

வாயைத் திற என்றேன்.
பால்பல் விழுந்த இடத்தில்
புதுப்பல் பாதி ஏறியிருக்கிறது.
விளக்கைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தேன்.
இன்னும் தெரியவில்லை.