பதினொரு செக்கன்

மேல்வீட்டு ஜல்தீனுக்கு ஃபைபர்.
எனக்கு ஒரு பழைய ரூட்டர்,
ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்குகிறது
கடலைப் பார்த்தபடி.
அதனால் வெள்ளவத்தையில் ஒவ்வொரு கோலும்
இரண்டு தரம் விழும்:
முதலில் என் சீலிங்கில்,
பதினொரு செக்கன் கழித்து என் திரையில்.

எண்ணிப் பார்த்திருக்கிறேன். பதினொன்று.
மழையென்றால் பதினாலு.

இரவு ஒன்றரைக்குத்தான் தொடங்குவார்கள்.
சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுப் பார்ப்பேன்,
அறையில் சுகந்தன் நித்திரை.
உதைபந்து என்பது அவருக்கு
செய்தி முடிந்து வானிலை வருமுன்
தேத்தண்ணீர் ஊற்றக் கிடைக்கும் நேரம்.

மேலே கதிரை இழுபடுகிறது.
இரண்டு கால்கள் ஒன்றாகத் தரையில் விழுகின்றன.
இங்கே பந்து நடுக்கோட்டையே தாண்டவில்லை,
ஒரு பெடியன் குனிந்து
காலுறையை இழுத்து விடுகிறான்,
இன்னும் கொஞ்ச நேரத்தில்
நாற்பதாயிரம் பேர் தன் பெயரைக் கத்தப்போவது தெரியாமல்.
எனக்குத் தெரியும்.
தெரிந்து என்ன செய்ய,
வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருக்கிறேன்.

படங்களும் எனக்கு இப்படித்தான்.
முதல் நாளே பார்த்துவிட்டு வந்து
'கடைசியில தம்பிதான் கொலைகாரன்,
ஆனா நீங்க பாருங்க, நல்லா இருக்கு' என்பாள்
கணக்குப் பிரிவு மொரீன்.
முடிவு தெரிந்த படத்தில்
கதாநாயகன் முகத்தில் எனக்கென்ன வேலை?
பின்னால் பார்ப்பேன்.
சந்தைக் காட்சியில் பச்சை வாளியோடு ஒருவர் போகிறார்.
பாட்டுக்குப் பிறகு வேறு ஊராம், வேறு வருடமாம்,
அதே மனிதர், அதே வாளி.
மூன்றாம் தரம் போகும்போது
ஒரு கணம் கமராவைப் பார்த்துவிட்டார்.
அந்தப் படத்தில் நடிக்காத ஒரே முகம் அது.

ஆட்டம் முடிந்தாலும் நித்திரை வராது.
மூன்று மணிக்கு இணையத்தில் என்னவெல்லாமோ அகப்படும்.
ஆணியில்லாமல் வள்ளம் கட்டுகிற ஒருவன்.
உலகத்து லிஃப்ட்களின் மணியோசை மட்டும் சேர்க்கிற ஒருத்தி.
மேலிருந்து எடுத்த படத்தில் எங்கள் மொட்டைமாடி,
கொடியில் காய்கிறது
என் சிவப்புப் போர்வை.
அதைக் கிழித்துத் தரை துடைத்து
அந்தத் துணியும் போய் ஒரு வருடம்.
அங்கே இன்னும் ஈரம்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது இது:
யாரோ ஒருவர்
பந்து மற்றப் பக்கத்தில் இருக்கும்போது
கோல் காப்பவர்களை மட்டும் படம் பிடித்து வைத்திருக்கிறார்.
நாற்பது நிமிடம். ஒன்றுமே நடப்பதில்லை.
ஒருவர் கையுறையை முகர்ந்து பார்க்கிறார்.
ஒருவர் கம்பத்தில் முதுகு சொறிகிறார்.
ஒருவர் புல்லில் இருந்த எதையோ
மிக மெதுவாக எடுத்து
கோட்டுக்கு வெளியே விடுகிறார்.
முழுதையும் பார்த்தேன்.
நான்கு மணி ரயில் மரைன் டிரைவை உலுக்கிப் போயிற்று.

போன வியாழன், சமநிலை,
கடைசி நிமிடத்தில் பெனால்டி.
பந்தைப் புள்ளியில் வைத்துவிட்டான்.
நான் சீலிங்கைப் பார்த்தேன்.

ஒன்றுமில்லை.

கதிரை இல்லை. கால் இல்லை. இருமல்கூட இல்லை.
எண்ணினேன், பதினொன்று தாண்டி, பதினாலும் தாண்டி.
அடிப்பவன் நின்றான். காப்பவர் நின்றார்.
என்ன நடக்கும் என்று
எங்கள் மூவருக்கும் தெரியாது.
எனக்குக் கை வியர்த்தது.
இத்தனை வருடம் நான் பார்த்தது
உதைபந்தே இல்லையோ என்று வந்தது.
பிறகு கத்திவிட்டேன்.
சுகந்தன் எழும்பி வந்து
'கள்ளனா?' என்றார்.

காலை லிஃப்டில் ஜல்தீன்,
ஒரு கையில் பாண், கக்கத்தில் குடை.
'கண்ணயந்து போயிட்டேன் மிஸ்,' என்றார்.
நான் வாயைத் திறந்தேன்.
'ஐயோ வேணாம், சொல்லாதீங்க, பின்னேரம் பாப்பேன்!'
இரண்டு காதையும் பொத்தினார்,
பாணோடு சேர்த்து.
குடை விழுந்தது.
எடுத்துக் கொடுத்தேன்,
முகத்தை ஒன்றுமில்லாததுபோல் வைத்துக்கொண்டு.
அது லேசில்லை.