தேவாலா, மூன்றாம் சுரங்கம்

வெள்ளைக்காரன் தங்கம் தேடிக் குடைந்த குழி.
தங்கம் வரவில்லை, தண்ணீர் வந்தது.
பிறகு இவை வந்தன.

குனிந்து வாங்க மேடம், என்கிறேன்.
முழங்கால் வரைக்கும் சேறு.
டார்ச்சுக்குச் சிவப்புத்தாள் கட்டியிருக்கிறாள் ஜெசிந்தா.
கூரையில் இலைமூக்கு வௌவால்கள்,
ஒன்றையொன்று தொடாமல்,
ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் ஒரு சாண் விட்டு.
இரண்டு மழைக்காலம் பார்த்தும் எனக்கு ஆறவில்லை:
பத்தடி லயத்து அறையில்
ஏழு பேரோடு படுத்து வளர்ந்தவன் நான்.

கீழே எச்சம். அதில் அந்துப்பூச்சிச் சிறகு,
ஈசல் இறக்கை, வண்டின் முதுகோடு.
குச்சியால் கிளறினால் மின்னுகிறது.
அப்பா இதே குழியில் மண் அரித்து
மூன்று வருசத்தில் கண்ட பொன்
ஒரு மூக்குத்திக்குக் காணாது.

அவள் கைப்பெட்டி கறகறக்கிறது.
நம் காதுக்கு எட்டாத கூப்பாட்டை
இறக்கித் தருமாம்.
இருட்டைத் தட்டித் தட்டிப் பார்க்கும் சத்தம்,
பூச்சி நெருங்க நெருங்க
முறத்தில் அரிசி கொட்டினாற்போல் ஒரே ஓட்டம்,
அப்புறம் ஒன்றுமில்லை.
"தின்னுட்டுது," என்றாள்.

பாறைமேல் வரைபடம் விரித்தாள்.
தெற்கு நெடுகப் பச்சை. ஊட்டி மேடு மட்டும் வெள்ளை,
அந்தக் குளிர் இதற்கு ஆகாது.
கீழே கடல். மறுபடி பச்சை,
மஸ்கெலியா இருக்கும் பக்கம்.
"கடலைத் தாண்டுமா?"
"தாண்டாது. தாழப் பறக்கிற இனம்.
புதரோரம், தேயிலை மேலே, அவ்வளவுதான்."
"பிறகு அங்கே எப்படி?"
"ஒரு காலத்தில் நடுவில் கடல் இல்லை."
எனக்கு அங்கே ஒரு பெரியம்மா உண்டு.
சொல்லவில்லை.

ஆறரைக்குக் கிளம்புகின்றன,
வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே.
எண்ணும் பொத்தான் என் கையில்.
நூற்றுப்பதினான்கு. நூற்றுப்பதினைந்து.
அடுத்தது வயிற்றில் குட்டியோடு.
அடிவயிற்றில் பாலில்லாத காம்பு இரண்டு உண்டாம்,
பறக்கையில் குட்டி பல்லால் பிடித்துக்கொள்ள.
அதற்கு மட்டுமே அது.
"இது ஒன்றா, ரெண்டா மேடம்?"
"ஒன்று. தானாகப் பறந்தால்தான் கணக்கு."

தலைமன்னாரில் கப்பல் ஏறிய நாள்
அம்மாவின் பாஸ்போர்ட்டில் எனக்குப் படம் இல்லை.
'கைக்குழந்தை 1' என்று நீல மையில்,
பக்கத்தில் யாரோ ஒருவரின் சுழித்த கையெழுத்து.

பொத்தானை அமுக்காமல் நின்றதில்
பத்துப் பதினைந்து போய்விட்டன.
எத்தனை என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன்.
நோட்டில் 'தோராயம்' என்று எழுதிக்கொண்டாள்.
காலில் ஏறிய அட்டைகளுக்கு உப்பு வைத்துவிட்டு
ரோட்டுக்கு நடந்தோம்,
எங்கள் தலைக்கு மேலே
அந்துப்பூச்சிகள் குறைந்துகொண்டிருந்தன.