லண்டன்பேட்டையில் ஒரு கறுப்புப் பாட்டில்

லண்டனிலிருந்து கிருஷ்ணகிரி லண்டன்பேட்டைக்கு
ஒரு கறுப்புப் பாட்டில் வந்திருந்தது.
கொண்டுவந்தவள் என் மைத்துனி சைலஜா,
அங்கே முதியோர் இல்லத்தில் இரவு நர்ஸ்.
"ஈஸ்ட்லயே செஞ்சது மாமா,
ரொட்டியில தடவிச் சாப்பிடுவாங்க."

இருபத்திரண்டு வருஷமாக
ஈஸ்ட்டை எழுப்பி வேலை வாங்குகிறவன் நான்.
விடியற்காலை மூன்று மணி,
வெதுவெதுப்பாய்த் தண்ணீர், ஒரு பிடி சர்க்கரை.
மைதாவுக்குள் அது மூச்சு விடுவது
காதை வைத்தால் கேட்கும்.
அதையே தின்னலாம் என்று
ஒருநாளும் தோன்றியதில்லை.
கூலியாளை யாராவது குழம்பு வைப்பார்களா?

மூடியைத் திறந்தால்
கள்ளுப்பானையின் அடிமண்டி வாசம்.
பைபாஸில் ரோடு போடும்போது
செருப்பில் ஒட்டுமே தார், அந்தப் பதம்.
நாக்கில் வைத்தேன்.
உப்பு.
அடுப்பு முன்னால் நிற்கையில்
மேலுதட்டுக்கு இறங்குமே, அதே உப்பு.

அந்த வாரம்தான் ஆபீசர் வந்து போயிருந்தார்.
தேன் கேக் நான்கு பங்கு,
நான்கு சீல், என் கையெழுத்து.
"என்ன கலர் போடறீங்க திம்மராயன்?"
"டப்பாவுல எழுதியிருக்கறதுதான் சார்."
"எவ்வளவு?"

எவ்வளவு என்று சொல்ல?
கண்ணளவுதான்.
பள்ளிக்கூடம் விடும்போது
ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து
பிள்ளைகளுக்குத் தெரிகிற அளவு.

ஒரு தடவை கலரே இல்லாமல் போட்டேன்.
நாற்பது துண்டும்
காய்ச்சல்காரன் மாதிரி வெளுத்துக் கிடந்தன.
ஒரு பையன் கேட்டான்,
"தேன் கேக் இல்லையாண்ணா?"
கையைக் காட்டினேன்.
"இது இல்லண்ணா. தேன் கேக்."
மிச்சம் முப்பத்தாறு.
ராத்திரி நானும் மாஸ்டர் சின்னமுனியும்
தின்ன மட்டும் தின்றோம்.
கரண்ட் போயிருந்த நேரம்.
நன்றாகத்தான் இருந்தது.

சைலஜாவின் மகன் நிகில்
கலர் மிட்டாய் தின்ற ராத்திரிகளில்
விடிய விடிய சோபா மேல் குதிக்கிறானாம்.
மிட்டாயால் இருக்கலாம் என்றாராம் டாக்டர்.
இல்லாமலும் இருக்கலாம் என்றாராம்.
அதிலிருந்து அவள் லேபிள் படிக்காமல்
எதையும் கூடையில் போடுவதில்லை.
"இதுல ஒண்ணும் சேக்கல மாமா,
சுத்தமான ஈஸ்ட்."

என் மகள் தாரிகா பாட்டிலைத் திருப்பினாள்.
பதினொன்றாவது, கெமிஸ்ட்ரி பைத்தியம்.
கடுகைவிடப் பொடி எழுத்து.
ஈஸ்ட், உப்பு, காய்கறிச் சாறு,
ஏதேதோ விட்டமின்.
மடிப்பு ஒட்டியிருந்த இடத்தை
நகத்தால் கீறிப் படித்தாள்:
"நிறம், நூற்றைம்பது.
கறுக்கக் காய்ச்சின சர்க்கரைப்பா."

ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

கறுப்புக்கே கறுப்பு பூசியிருக்கிறான்!
எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.
அந்த ஊரிலும் ஒருவன்
விடியற்காலை எழுந்து
வெளுத்த மண்டியைப் பார்த்துத்
தலையைச் சொறிந்திருப்பான்.
இவ்வளவு கறுத்தால்தான் நம்புவார்கள் என்று
ஊற்றியிருப்பான், அவன் கண்ணளவுக்கு.

சைலஜா சிரிக்கவில்லை.
கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு
மறுபடி முதலிலிருந்து படித்தாள்.
"எட்டு வருஷமா தடவிக் குடுக்கறேன்"
என்றாள், பாட்டிலிடம்.
கறுக்கிய சர்க்கரைதானே, கெடுதல் இல்லை
என்று தாரிகா சொன்னது
அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

அவள் ஊருக்குத் திரும்பி இருபது நாள்.
சோதனை முடிவு இன்னும் வரவில்லை.
பாட்டில் கல்லாவுக்குப் பின்னால்
ஊதுவத்திப் பெட்டியோடு நிற்கிறது.

இன்று காலை கலர் டப்பாவைத் திறந்தவன்
ஸ்பூன் எங்கே என்று தேடினேன்.
சின்னமுனி என்னை ஒரு மாதிரி பார்த்தான்.
கால் ஸ்பூன். தலை தட்டி.
பாகில் ஊறி வந்தது சிவப்பில்லை,
நாலு துவைப்பு கண்ட
சிவப்புத் துண்டின் நிறம்.

நாலு மணி ஆகப்போகிறது.
ரோட்டைத் தாண்டி வந்து
பள்ளிக்கூடக் கேட்டோரம் நின்று
என் கடையை நானே பார்க்கிறேன்.
குறுக்கே வந்து நிற்கிறது
கூழ் கம்பெனிக்குப் போகும்
மாங்காய் லாரி.
நகரட்டும் என்று நிற்கிறேன்.