கதவு பூட்டு

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
வடக்கு பஜாருக்கு ரீடிங் எடுக்க வருவேன்.
முதலில் "கரண்டு பிள்ளை" என்றார்கள்,
இப்போது "கரண்டம்மா".
இடையில் பத்தொன்பது வருடம்,
நூற்றுப் பதினான்கு நடை.

அப்போது முழங்கையால் செய்கிற வேலை இது.
அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு மீட்டர்,
காலண்டர் முருகனைத் தூக்கினால் ஒன்று,
சர்பத் கடையில் நன்னாரி பாட்டில் வரிசையை
நகர்த்தினால்தான் தெரியும் இன்னொன்று.
"செத்த நில்லுங்க, யாவாரம் நடக்குல்லா."
நின்றிருக்கிறேன்.
தீபாவளிக்கு முந்தின வாரம்
ஒரே பாவாடையை இரண்டு பேர் இழுத்ததில்
என் நோட்டு பறந்துபோய் பில் மேசையில் விழ,
அதற்கும் விலை எவ்வளவு என்று
உள்ளே பார்த்துக் கேட்டான் ஒரு பையன்.

பிறகு நாலுவழிச் சாலை வந்தது,
ஊரைத் தொடாமல்.
நாகர்கோவில் வண்டிகள் பாலத்தின் மேலேயே
எங்களைத் தாண்டிப் போயின.
"ஊருக்குள்ள போவாது, பைபாஸ்ல எறங்கிக்கிடணும்"
என்று கண்டக்டர்கள் சொல்லிச் சொல்லி அலுத்த பிறகு
பஸ் ஸ்டாண்டே அங்கே போய்விட்டது.
ஆன்லைன் என்கிறார்கள், வட்டி என்கிறார்கள்,
பிள்ளைகள் சென்னையில் என்கிறார்கள்.
எனக்குத் தெரிந்ததெல்லாம் எண்கள்.

மன்சூர் ஜவுளி மாளிகை: ஆயிரத்து நானூறு.
ஏசியை நிறுத்தியதும் அறுநூற்றுச் சொச்சம்.
மாடியைப் பூட்டியதும் இருநூறு.
ஒரு பங்குனியில் பதினொன்று.
அதற்கப்புறம் கதவு பூட்டு.

"கதவு பூட்டு" என்று பதிய
என் கருவியில் தனிப் பொத்தான் உண்டு.
மற்ற பொத்தான்களில் எழுத்து அப்படியே இருக்கிறது,
அதில்தான் தேய்ந்துவிட்டது.

தெருவில் இப்போது அதிகம் எரிப்பது ஏ.டி.எம்.
பணம் இருக்காது, குளிர் இருக்கும்.
கதவிடுக்கில் மூக்கை வைத்துப் படுத்திருக்கும்
செவலை நாய்க்கு அது போதும்.

"வடக்கு பஜாரை அரை நாளில் முடிச்சிருதிங்களே,
கெட்டிக்காரிதான்" என்றார் புதிதாய் வந்த ஏ.இ.
சிரித்துவைத்தேன்.

தவசிக்கனி குடைக்கடையில் மட்டும்
ஒரு கணக்கு உதைத்தது.
ஷட்டர் இறங்கியிருக்கும், மீட்டர் ஓடியிருக்கும்:
முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, நாற்பத்து நான்கு.
இந்தத் தடவை ஷட்டர் ஒரு முழம் தூக்கியிருந்தது.
குனிந்தேன்.

மடக்குக் கட்டில். மண்ணெண்ணெய் அடுப்பு.
உத்தரத்தில் தொங்கும் குடைகளுக்கு நடுவே
கயிற்றில் ஒரு கைலி காய்ந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, இங்கயேவா இருக்கிய?"
"ஆமா. வீடு பேங்குக்குப் போயிட்டு."

ஒரு ஃபேன், ஒரு பல்பு, ஒரு செல்போன் சார்ஜர்.
இதற்குக் கடை ரேட்டில் கட்டிக்கொண்டிருக்கிறார் மனுசன்.
சொன்னேன்:
"வீடுன்னு மாத்தி எழுதித் தாங்க அண்ணாச்சி,
நூறு யூனிட் வரைக்கும் இலவசம்.
காசே வராது. ஃபாரம் நானே நிரப்பித் தாரேன்."

கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி
ஃபாரத்தின் இரண்டு பக்கத்தையும் படித்தார்,
அடியில் இருந்த அச்சகத்தின் பெயர் வரைக்கும்.
மடிக்காமல் திருப்பி நீட்டினார்.
"கடைன்னே இருக்கட்டும்."

நான் நகராமல் நின்றதைப் பார்த்து
இன்னும் ஒன்று சொன்னார்:
"வீடுன்னு எழுதிட்டா
நான் இங்க சும்மா இருக்கேன்னு ஆயிரும்லா."

வெளியே வெயில் மணி இரண்டைத் தாண்டியிருந்தது.
தெருவில் ஆள் இல்லை.
தெக்கே மலைமேல் கொஞ்சம் மேகம்,
அதை நானும் அவரும் ஒரே நேரத்தில் பார்த்துவிட்டு
பேசாமல் இருந்தோம்.

பயன்பாடு நாற்பத்து நான்கு. வகை, வணிகம்.
சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.
கம்பெனிச் சரக்குக்கு வந்த ரசீதைப் போல
தேதி பார்த்து, தொகை பார்த்து,
கல்லாவின் மேல் இருந்த குத்தூசியில் குத்தினார்.

அதில் ஏற்கெனவே ஐந்து சீட்டு இருந்தன.
ஐந்திலும் என் கையெழுத்து.