ஒளிவிலகல் எண்

சோடியம் விளக்கு எடுத்ததும் மஞ்சளாக எரியாது.
முதலில் ரோஸ்,
முக்கூடலுக்குப் போகும் எங்கள் ஓசி பஸ்ஸின் நெற்றி மாதிரி.
பத்து நிமிஷம் கழித்துத்தான்
தன் நிறம் ஞாபகம் வந்ததுபோல்
மஞ்சளாகும்.

அந்தப் பத்து நிமிஷத்தில்
ஆவுடைச்செல்வி பொரிகடலை பிரிப்பாள்,
நிஷாத் பர்வீன் போன வருஷத்து ரெக்கார்டைப் பிரிப்பாள்.
நாலு பேருக்கு ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டர்.
இன்னொன்று துணி போர்த்தி மூலையில் இருக்கிறது,
சர்வீஸுக்குப் போக.
இருட்டறைத் திரையில் ரெண்டு பொத்தல்.
பேட்டை வெயில் அதன் வழியாக வந்து
தரையில் ரெண்டு குட்டிச் சூரியனை வைத்துவிட்டுப் போகும்.

பன்னிரண்டாம் வகுப்பில் இது முப்பட்டகம்.
சிறுமத் திசைமாற்றக் கோணம் என்று
மூச்சுவிடாமல் சொல்வேன்.
இங்கே மேடம் மினிமம் டீவியேஷன் என்றதும்
உள்ளுக்குள் ஒருதடவை தமிழாக்கி
நிமிர்வதற்குள்
போர்டை அழித்துவிடுகிறார்.

தொலைநோக்கியில் கண்ணை வைத்தால்
மொழி கிடையாது.
கறுப்பில் ஒரு மஞ்சள் கோடு.
மேடையைத் திருப்பத் திருப்ப
நகரும், நகரும்,
ஓரிடத்தில் தயங்கி
வந்த வழியே திரும்பும்,
டிபன் டப்பாவை மறந்துவிட்டு
அடுத்த ஸ்டாப்பில் இறங்குகிறவள் போல.
அந்தத் தயக்கத்தில் பிடிக்க வேண்டும்.

பிடித்தேன்.
வெர்னியரை லென்ஸ் வைத்து ரெண்டுதடவை வாசித்தேன்.
நாற்பத்தெட்டு பாகை, பத்து நிமிடம்.

"ரெக்கார்டுல முப்பத்தெட்டுல்லா இருக்கு" என்றாள் பர்வீன்.
"பத்து கூட வாசிச்சிருப்ப, பிள்ள.
முப்பத்தெட்டு அம்பத்தாறுன்னு போடு, 1.52 வந்துரும்.
அஞ்சு பத்துக்கு பஸ்ஸு."

மறுபடி பார்த்தேன்.
கோடு அதே இடத்தில்தான் திரும்பியது, பிடிவாதக்காரி.

அப்போதுதான் கரண்ட் போனது.

திரையை விலக்கினோம்.
ஜெபஷீலா உடைத்த தெர்மாமீட்டருக்குக் கையெழுத்துப் போட
பிரேக்கேஜ் நோட்டைக் கொண்டுவந்து வைத்தார் கொம்பையா அண்ணன்.
அவள் பேனா தேடும் நேரத்தில்
நான் சும்மா பின்னோக்கிப் புரட்டினேன்.
பியூரெட். ஸ்டாப் கிளாக் கண்ணாடி. மறுபடியும் பியூரெட்.
ஒரு பக்கத்தில் பச்சை மையில்:

பிரிசம் 1, உடைந்தது.
ம. சுடலைக்கனி, மூன்றாமாண்டு.
ரூ. 420. மூன்று தவணை.

தேதி,
நாங்கள் சேர்வதற்கு நாலு வருஷம் முன்னால்.

அப்படியென்றால் 1.52
இல்லாத கண்ணாடியின் எண்.
அதற்குப் பிறகு வாங்கிய கண்ணாடிக்குள்
ஒருத்தியும் பார்க்கவில்லை.
பார்த்ததாகச் சிவப்பு டிக் மட்டும்
ஒரு பீரோ நிறைய இருக்கிறது.

சுடலைக்கனி எந்த ஊரோ.
ரெண்டு தவணைக்கு நேரே கையெழுத்து,
மூன்றாவது கட்டம் காலி.

பர்வீனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
அப்புறம்,
"மேடத்துட்ட யாரு சொல்ல?"

ஐந்து பத்து போனது. ஹாரன் கேட்டது.
ஜன்னல் மேடையில் நோட்டை வைத்து
கணக்குப் போட்டோம்.
கோணம் அறுபது,
அதையும் நானே அளந்திருந்தேன்.
1.62.
பென்சிலால்தான் எழுதினேன்,
அடுத்த பக்கத்திலும் பதிகிற மாதிரி.

கரண்ட் வந்தது.
ஆவுடைச்செல்வி திரையை இழுத்துவிட்டாள்.
விளக்கு மறுபடியும்
ரோஸிலிருந்து ஆரம்பித்தது.