கொட்டாவி எண்ணும் வருடம்

ஐம்பத்து மூன்று வயதில்
கழுத்தில் மறுபடி 'பயிற்சி மருத்துவர்' அட்டை.
படத்தில் எதையோ திருடிவிட்டு நிற்பவள் மாதிரி இருக்கிறேன்.

இருபத்திரண்டு வருடம் லோகனில் குடும்ப மருத்துவர்.
காதுவலி, சர்க்கரை, பிரசவம், கரித்தூள் அடைத்த நெஞ்சு.
முதுகு என்று வந்தவனுக்குப்
பேனாவைத் திறக்க நாலு நிமிடம்கூட ஆகாது;
வெளியே பதினெட்டுப் பேர் காத்திருப்பார்கள்.
மருந்துக் கம்பெனிப் பெண் வைத்துவிட்டுப் போன டோனட் பெட்டி
வரவேற்பு மேசையில் திறந்தே கிடக்கும்.
நேர்முகத் தேர்வில் இதையெல்லாம் சொன்னேன்.
குழு குறித்துக்கொண்டது.
டோனட்டைத் தின்றாயா என்று யாரும் கேட்கவில்லை.
தின்றேன்.

இங்கே ஹண்டிங்டனில் எனக்குக் கற்றுத்தருபவள் கெஸ்லர்,
என்னைவிடப் பதினாறு வயது சின்னவள்.
முதல் வாரம் முழுக்கக் காத்திருக்கக் கற்றுத்தந்தாள்.
"பழைய போதை உடம்பைவிட்டு இறங்கணும்.
அவசரப்பட்டு நம் மருந்தைக் கொடுத்தால்
மிச்சமிருப்பதைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும்.
நரகத்தை நாமே வாசலில் இறக்கிவைத்த மாதிரி ஆகிடும்."
அதனால் எண்ணுகிறோம்.
பதினொரு வரி உள்ள தாள்:
நாடி, வியர்வை, கண்மணி எவ்வளவு விரிந்தது,
மூக்கு ஒழுகுகிறதா, கை மயிர் குத்திட்டு நிற்கிறதா,
கொட்டாவி எத்தனை.
ஒருவன் தவிக்கத் தவிக்கப்
பக்கத்தில் உட்கார்ந்து கூட்டல் போடும் படிப்பு
வேறெங்கே இருக்கிறது.

அக்டோபர். மூன்றாம் அறை.
வெர்லின் மேனார்ட், நாற்பத்தாறு.
போர்வைக்குள் முழங்கால் நிற்காமல் உதறுகிறது.
கணக்கு ஏழு. பொறுக்கலாம்.
பத்து. இன்னும் கொஞ்சம்.
அழாமலே கண்ணீர் வடிகிறது,
தாடை கழன்றுவிடும்போல் கொட்டாவி.
பதினான்கைத் தொட்டபோது என் அட்டையைப் பார்த்தான்.

"ஸ்டால்னேக்கர். ஸ்ட்ராட்டன் தெருவில் இருந்தீங்க.
சுரங்கக் கூரை எம்மேல விழுந்த வருசம்
முதல் சீட்டு நீங்கதான் எழுதினீங்க."

கோபம் இல்லை அதில்.
எந்த ஊர் என்று கேட்டவருக்கு ஊர்ப்பெயர் சொல்வதுபோல் சொன்னான்.

எனக்கு அவன் முகம் நினைவில்லை.
எவ்வளவு தேடியும் இல்லை.

வாயில் பதில் வருமுன் கையில் மாத்திரை வந்திருந்தது.
நாலு மில்லிகிராம் புப்ரினார்பின்.
நாக்குக்கு அடியில் வைக்கணும்.
விழுங்கக் கூடாது, பேசக் கூடாது, பத்து நிமிடம்.

ஆக, அவனால் பேச முடியாது.
என்னால் முடியும்.

பேசவில்லை. வாய் மூடியவனிடம் மன்னிப்புக் கேட்பது
பூட்டிய கடை வாசலில்
கடனை அடைத்துவிட்டு வருவது மாதிரி.
ஜன்னலுக்குக் கீழே கரி ரயில் போனது.
கட்டில் கம்பியில் விரல் தட்டி
அவன் பெட்டிகளை எண்ணினான்.
நானும் எண்ணினேன்.
எழுபதில் எனக்குத் தவறிப்போனது,
அவன் விரல் நிற்கவில்லை.

பத்து நிமிடம் முடிந்தது. முழங்கால் ஆட்டம் முடியவில்லை;
அதற்கு இன்னும் அரைமணி வேண்டும்.
வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:
"ஆரஞ்சு ருசின்னு எவன் சொன்னான்?
அவனைக் கூட்டிவந்து இதைத் தின்னச் சொல்லுங்க."

"நான்தான் எழுதினேன்," என்றேன். "அந்தச் சீட்டை."
"தெரியும். அதைத்தானே சொன்னேன்."
பிறகு, "நூத்திப் பன்னெண்டு பெட்டி," என்றான்.

போகும்போது அடுத்த தேதியை அட்டையில் எழுதித் தந்தேன்.
இந்த ஆஸ்பத்திரியில் கையால் எழுதுவது இது ஒன்றுதான்.
வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான்.
"இப்பவும் அதே கோழிக் கிறுக்கல்.
வியாழனா இது? வியாழன் எனக்கு கோர்ட்டு.
வெள்ளி போடுங்க."

அடித்தேன்.
வெள்ளி என்று எழுதினேன்,
ஒவ்வோர் எழுத்தாக,
பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.