தெருக்கடைசி வீடு

அரைவேக்காட்டுச் சோற்றோடே குக்கரைத் தூக்கிவந்து
என் மேசைமேல் வைத்தாள் அஞ்சுகம்.
கோபமில்லாத நாளில் ஸயாமா என்பாள்.
இன்று, "ஏம்மா, இதுதான் நீ விற்ற சாமானா?"
ஒரு பருக்கையை நசுக்கிக் காட்டினாள்.
நடுவில் வெள்ளை ஊசி.

மோல்மீனில் பகல் பதினொரு மணி,
கடைவீதியில் கரண்ட் நல்ல பிள்ளையாக இருக்கும் நேரம்.
சோற்றை வழித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிச் செருகினேன்.
இருநூற்று இருபத்தெட்டு வோல்ட். மூன்று ஆம்பியர்.
பில் புத்தகத்தின் முதுகில் வகுத்தேன்:
தடை எழுபத்தாறு ஓம்.
பெருக்கினேன்: அறுநூற்று எண்பத்துநாலு வாட்.
அடியில் பொறித்திருப்பது எழுநூறு.
பதினாறு வாட்டுக்காக யாரும் பட்டினி கிடப்பதில்லை.

"தடையா? அதுதான் கரண்ட் இருக்கிறதே!"
எங்கள் இருவருக்கும் தடை என்றால் இருட்டு,
மெழுகுவர்த்தி, பக்கத்து ஜெனரேட்டரின் புகை.
இது வேறு தடை, இது இருந்தால்தான் அரிசி வேகும் என்றேன்.
"என் வீட்டுக்கு வந்து வேகவைத்துக் காட்டு" என்றாள்.

இரவு ஏழரை.
கடைசி மின்கம்பத்துக்கும் அப்பால்
மூங்கிலில் கட்டி இழுத்த கம்பி,
பிறகு அவள் வீடு, பிறகு கீரை மண்டிய குட்டை.
பல்பு வெற்றிலை எச்சில் நிறத்தில்.
எட்டரைக்கு ஐஸ் கம்பெனி வேலைக்குப் போகவேண்டிய சித்திரவேல்
ஈரத்தலையோடு காலித்தட்டின் முன்.

குக்கரைப் போட்டு அளந்தேன்.
நூற்றைம்பத்திரண்டு வோல்ட்.
கவ்வி மீட்டர் சொன்னது இரண்டு ஆம்பியர்.
வகுத்தால் அதே எழுபத்தாறு.
குக்கர் பொய் சொல்லவில்லை.
பெருக்கினால் முந்நூற்று நாலு.
அழுத்தம் குறைந்தது மூன்றில் ஒரு பங்குதான்;
போகும்போது ஓட்டத்தையும் கையைப் பிடித்து இழுத்துப்போக
சூடு ஒன்பதில் நாலாகிவிட்டது.

"ஒன்பது கரி எரியும் அடுப்பில் ஐந்தை எடுத்துவிட்டால்?" என்றேன்.
"யார் எடுத்தது?"

கம்பி என்றேன். தூரம் என்றேன்.

சொல்லாதது:
இந்தத் தெருவுக்கு மட்டும் இந்த மாதம்
அழுத்தம் ஏற்றும் பெட்டி ஏழு விற்றிருக்கிறேன்.
பெட்டியில்லாமல் இரண்டு ஆம்பியர் இழுத்த வீடு
பெட்டி வைத்ததும் உள்ளே மூன்று எடுக்கும்,
தெருக்கம்பியிலிருந்து நாலரை.
யாரும் திருடவில்லை.
காசு கொடுத்தே வாங்கினார்கள், என்னிடம், ரசீதோடு.
ஏழு வீட்டில் வெளிச்சம் வெள்ளையானது.
மிச்சம்தான் இங்கே வந்து சேர்கிறது.

தண்ணீர் கொதிக்கவில்லை, முனகியது.
சித்திரவேல் எழுந்து சட்டை மாட்டிக்கொண்டான்.
இரண்டு வாழைப்பழம் பையில் போட்டாள், அவன் முகம் பார்க்காமல்.

"டா மியா வீட்டில் ஏதோ பெட்டி வைத்திருக்கிறாளாமே,
உன் கடையில் கிடைக்குமா?"

எட்டாவது பெட்டி, அட்டைகூடப் பிரிக்காமல், கிடக்கிறது.
இங்கே வைத்தால் நாளை இவள் சோறு வேகும்.
மறுநாள் மூன்றாம் வீட்டுக்காரி
குக்கரைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வருவாள்.

என் லாபத்தைக் கழித்து விலை சொன்னேன்.
விரல் மடக்கி எண்ணத் தொடங்கினாள்.

மீட்டரைக் கழற்ற மறந்திருந்தேன்.
தெருமுனையில் யாரோ எதையோ போட்டிருக்கவேண்டும்.
நூற்றைம்பத்தொன்று.